நாலாவதை மட்டும் விட்டுடு

அக்கா: ...கதவைச் சாத்தாதே தம்பி, நான்தான். கையில சாப்பாட்டு டப்பாதான் இருக்கு, வெடிகுண்டு இல்ல.

தம்பி: இந்த ரூம்ல சாப்பிடக் கூடாதுக்கா. எழுதியே ஒட்டியிருக்கு.

அக்கா: யார் ஒட்டினது?

தம்பி: நான்தான்.

அக்கா: அப்ப நீயே கிழிச்சுடு. இந்த ஆபீஸ்ல குளுகுளுன்னு இருக்கிற ஒரே இடம் இது. வெளிய ஃபோன்ல தொண்டை கிழியக் கல்யாணம் பேசற எங்களுக்கு ஓட்டை ஃபேன். உள்ள நாலு இரும்புப் பெட்டிக்கு ராஜ உபசாரம்.

தம்பி: அந்த நாலு பெட்டிக்குள்ளதான் உங்க மாப்பிள்ளைங்க, பொண்ணுங்க அத்தனை பேரும் இருக்காங்க. இதுங்களுக்குச் சூடு ஏறினா உங்க ஃபோன்ல பேச ஆளே இருக்காது.

அக்கா: சரி, சரி... தள்ளி உக்காரு. காலை ஆட்டாதே. இதென்ன, மறுபடியும் புதுக் கண்ணாடியா?

தம்பி: ம்.

அக்கா: இப்பத்தானே கறுப்பு ஃப்ரேம் போட்டே? அதுக்கு முன்னாடி ஒரு பிரவுன் இருந்துது.

தம்பி: கறுப்பு மூக்குல அழுத்துச்சுக்கா.

அக்கா: பிரவுன்?

தம்பி: அது... காதுல.

அக்கா: அடுத்தது நெத்தியில அழுத்தும். எங்க வாங்கினே, என் தங்கச்சி வேலை பாக்கற கடையிலயா?

தம்பி: பக்கத்துல அந்த ஒரு கண்ணாடிக்கடைதானேக்கா இருக்கு.

அக்கா: விலை குறைச்சாளா?

தம்பி: கொஞ்சம். துடைக்கிற துணி சும்மா கொடுத்தாங்க.

அக்கா: துணி சும்மாவா? கூடப் பிறந்தவ எனக்கே துணிக்குத் தனியா பில் போட்டவ அவ. சரி, கடை புதுசா ஏதாவது திட்டம் போட்டிருக்கும்... அதை விடு. முதலாளி ஏதோ சொல்லிட்டுப் போனாரே, இன்னைக்கு எல்லா மிஷினையும் துடைக்கிறியாமே?

தம்பி: ஆமாக்கா.

அக்கா: துணி போட்டா?

தம்பி: இல்லக்கா. உள்ள இருக்கிறதை மொத்தமா அழிச்சுட்டு, சாஃப்ட்வேரைப் புதுசா முதல்ல இருந்து போடறது.

அக்கா: மொத்தமா அழிச்சுட்டா நம்ம வரன் எல்லாம் எங்க போகும்? அந்தப் பல் டாக்டருக்கு இன்னைக்குத்தான் ஒரு இடம் சரிப்பட்டு வந்திருக்கு. ஆறடின்னு போட்டிருந்தான், நேர்ல வந்தான், என் தோளுக்கு இருந்தான். இருந்தாலும் பொண்ணு வீட்டுல ஒத்துக்கிட்டாங்க. அவன் அழிஞ்சுபோனா நான் மறுபடி முதல்ல இருந்து ஆறடின்னு சொல்லணும்.

தம்பி: யாரும் அழிய மாட்டாங்க. நாலு மிஷின்லயும் எல்லாரோட விவரமும் இருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் வெளிய எடுப்பேன். அது வெளிய இருக்கிற வரைக்கும் அது பாத்த வேலையை மத்த மூணும் பாத்துக்கும்.

அக்கா: ஓ. மருமகள்ல ஒருத்தி பிறந்த வீட்டுக்குப் போனா மத்தவங்க அடுப்பைப் பாத்துக்கற மாதிரி.

தம்பி: அப்படியே வச்சுக்குங்க. ஆனா இவ திரும்பி வரும்போது ஒண்ணுமே ஞாபகம் இல்லாம வருவா. மத்த மூணு பேரும் உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லிக் கொடுப்பாங்க. அது முழுசா முடியற வரைக்கும் அடுத்தவளைத் தொடக் கூடாது.

அக்கா: தொட்டா?

தம்பி: ரெண்டு பேரு ஒண்ணா மறந்து நிப்பாங்க. மீதி ரெண்டு பேரு தலையில மொத்தப் பாரமும். அதுல ஒருத்தி படுத்துட்டா நாம கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அக்கா: ஒண்ணுமே ஞாபகம் இல்லாத மருமகளா... எத்தனை மாமியாருங்க கேட்டிருக்காங்க தெரியுமா அந்த மாதிரி. இப்ப எது ஓடுது?

தம்பி: ரெண்டாவது. சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்காங்க. அதோ ஸ்கிரீன்ல பச்சைக்கோடு நகருது பாருங்க.

அக்கா: எங்க நகருது? நத்தை தேவலாம்... அப்ப ரெண்டு முடிஞ்சு, மூணு முடிஞ்சு, அப்புறம் நாலா?

தம்பி: ஏன்கா, அவசரமா?

அக்கா: எனக்கென்ன அவசரம். சும்மா கேட்டேன்.

தம்பி: ...மாடி வீடு இன்னும் காலியாத்தான் இருக்கா உங்களுக்கு?

அக்கா: ஏன் கேக்கறே?

தம்பி: சும்மா கேட்டேன்.

அக்கா: காலியாத்தான் கிடக்கு. சுவரைச் சுரண்டி, புது பெயிண்ட் அடிச்சு, குழாய் மாத்தி வச்சிருக்கேன். வந்து பாக்கறவன் எல்லாம் ஒத்தைக்கட்டை. ஒருத்தன் டிரம் வாசிக்கிறானாம். ஒருத்தன் பாம்பு வளக்கறானாம், கடிக்காத பாம்பாம். எனக்குக் குடும்பம் வேணும்பா. மேல நாலு காலடிச் சத்தம் கேக்கணும், குழந்தை ஏதாவது உருட்டணும். குடும்பத்துக்குத்தான் கொடுப்பேன். உனக்குத் தெரிஞ்ச யாருக்காவது வேணுமா?

தம்பி: தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு.

அக்கா: ஒத்தை ஆளுன்னா வாயே திறக்காதே... உன்னையும்தான் சொல்றேன். உனக்கு எத்தனை இடம் காட்டிட்டேன்? ஊழியர்னு காசே வாங்காம பதிஞ்சு, உன் விவரத்தை நானே உக்காந்து எழுதினேன். 'சாந்தமானவர், இசைப் பிரியர்.'

தம்பி: நான் எப்பக்கா பாட்டு கேட்டேன்?

அக்கா: இந்த மிஷின் இரைச்சல்ல நாள் பூரா உக்காந்திருக்கியே. இதுக்கு மேல என்ன இசை வேணும்? வந்ததை எல்லாம் தட்டிக் கழிச்சே. டீச்சர் வேண்டாம். பேக்கரி வச்சிருக்கிற பொண்ணு வேண்டாம். மனசுல யாராவது இருக்காங்களான்னு கேட்டா, அன்னைக்குப் பூரா இந்தக் கதவைத் தாப்பா போட்டுக்கிட்டே.

தம்பி: அன்னைக்கு டிஸ்க் போயிடுச்சுக்கா.

அக்கா: ஆமா, டிஸ்க்... தம்பி, ஒண்ணு கேக்கவா? எல்லாத்தையும் எதுக்குத் துடைக்கணும்? பழசு மேலயே புதுசைப் போட்டுட்டா ஆகாதா?

தம்பி: மாடிச் சுவரை எதுக்குச் சுரண்டினீங்க?

அக்கா: சுரண்டாம அடிச்சா பொத்துக்கிட்டு வருமே.

தம்பி: இதுவும் அப்படித்தான். பழசு மேலயே போட்டுப் போட்டு, யார் எப்ப என்னத்தைக் கையால மாத்தி வச்சாங்கன்னே தெரியல. எனக்கு முன்னாடி இருந்த தாடிக்காரர் வேற, தோணினதை எல்லாம் பண்ணி வச்சுட்டுப் போயிட்டார்.

அக்கா: அவன் நல்ல பையன்தான். தாடியில சோறு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்... அவன் எந்த மிஷின்ல கை வச்சான்?

தம்பி: நாலாவதுல. வரன் தேடற வேலை அதுதான் பாக்குது.

அக்கா: அப்ப அதை மட்டும் விட்டுடு.

தம்பி: எதை?

அக்கா: நாலாவதை. ஒண்ணு, ரெண்டு, மூணு... மூணையும் பளபளன்னு பண்ணு. நாலாவது நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு. ஓடறதை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?

தம்பி: மூணு புதுசு, ஒண்ணு பழசுன்னா ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியாதுக்கா.

அக்கா: எங்க வீட்டுல மட்டும் புரியுதாக்கும். சொல்றதைக் கேளு. நான் டப்பாவை அது மேலதான் வைக்கிறேன். சோறு இதமா இருக்கு. புதுசாக்கினா சூடு போயிடும்.

தம்பி: அது மேலயா வைக்கிறீங்க?

அக்கா: ரசம் வச்சதில்ல.

தம்பி: அக்கா...

அக்கா: உன் ஃபோன் துடிக்குது பாரு.

தம்பி: எங்க... ஓ.

அக்கா: யாரு?

தம்பி: பேங்க்.

அக்கா: பேங்க்கா. இவ்வளவு நேரமா படிக்கிறே? என்ன, கவிதை எழுதியிருக்காங்களா?

தம்பி: ஒரு... விவரம் கேட்டிருக்காங்க.

அக்கா: உனக்குக் காது ஏன் சிவக்குது?

தம்பி: ஏசி.

அக்கா: ஏசியில காது சிவந்து நான் பாத்ததில்ல. சரி, உன் பேங்க் உன் பாடு. நாலாவதை விட்டுடறேன்னு சொல்லு, நான் எழுந்து போறேன்.

தம்பி: விட முடியாதுக்கா. சாயங்காலம் டிவியில நம்ம விளம்பரம் வருது, கூட்டம் குவியும். அதுக்குள்ள நாலும் புதுசா இருக்கணும்னு முதலாளி கண்டிப்பாச் சொல்லிட்டார். ஆனா ஒண்ணு. துடைக்கிறதுக்கு முன்னாடி, கையால மாத்தினதை எல்லாம் தனியா ஒரு காப்பி எடுத்து வச்சுடுவேன். எதையாவது திருப்பிப் போடணும்னா போடலாம்.

அக்கா: திருப்பிப் போடலாமா?

தம்பி: போடலாம். ஆனா எதை, எதுக்குன்னு எனக்குத் தெரியணும். கண்ணை மூடிக்கிட்டுப் போட மாட்டேன்.

அக்கா: ...இங்க தண்ணி கொண்டுவரலாமா?

தம்பி: கூடாது.

அக்கா: அப்ப விக்கிக்கிட்டே சொல்றேன். எனக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்தான். ஒரு கஸ்டமர்.

தம்பி: சொல்லுங்க.

அக்கா: வெளிய விடக் கூடாது.

தம்பி: நான் இந்த ரூமை விட்டே வெளிய போறதில்லக்கா.

அக்கா: கண்ணாடிக்கடைக்கு மட்டும் போயிட்டு வர்றே... சரி, கேளு. ஒரு வீடு. அக்கா, தங்கச்சி ரெண்டே பேர். அப்பா அம்மா இல்ல. தங்கச்சிக்கு நம்மகிட்ட பதிஞ்சாங்க. ஒரு இடம் வந்துச்சு, பேசி முடிச்சாங்க. தேதி வரைக்கும் போயாச்சு. அப்புறம் ஒரு நாள் பையன் வீட்டுல இருந்து ஃபோன். வேண்டாம்னுட்டாங்க. காரணம் கூடச் சொல்லல. அந்த ஃபோனை எடுத்தது அவங்க அக்கா.

தம்பி: ம்.

அக்கா: அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு ஃபோன் அடிச்சாலே சமையல் ரூமுக்குள்ள போய் நின்னுக்குவா. அதனால அவங்க அக்கா தாடிக்காரன்கிட்ட வந்து... அதாவது என்கிட்ட சொல்லி, நான் தாடிக்காரன்கிட்ட சொல்லி... கொஞ்ச நாளைக்கு இந்தப் பொண்ணு யார் கண்ணுலயும் படாம இருக்கட்டும்னு. அவன் நாலாவதுல என்னமோ ஒரு வரி எழுதினான். யார் தேடினாலும் அந்தப் பொண்ணு வர மாட்டா.

தம்பி: அதுக்குத்தான் முறையா நிறுத்தி வைக்கிற பட்டனே இருக்கேக்கா.

அக்கா: பட்டனை அமுக்கினா 'உங்கள் விவரம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'ன்னு அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் போயிடுமே. அவளுக்குத் தெரியக் கூடாதுல்ல.

தம்பி: சரி. அப்புறம்?

அக்கா: அப்புறம் என்ன. நாளாச்சு, அவ தேறிட்டா. சிரிச்சா. பாட்டுப் பாடிக்கிட்டே துணி மடிச்சா. ஒரு நாள் சாப்பிடறப்ப, 'ஏதாவது வந்துச்சா'ன்னு கேட்டா.

தம்பி: அவங்க அக்கா என்ன சொன்னாங்க?

அக்கா: சந்தை மந்தமா இருக்குன்னா. சிரிக்காதே.

தம்பி: சிரிக்கலக்கா.

அக்கா: ரெண்டு மூணு தடவை கேட்டா. அப்புறம் கேக்கறதை விட்டுட்டா. இப்பல்லாம் கேக்கறதே இல்ல.

தம்பி: தேறினதும் அந்த வரியை எடுக்கச் சொல்லியிருக்கலாமே.

அக்கா: அதுக்குள்ள தாடிக்காரன் வேற வேலைக்குப் போயிட்டானே.

தம்பி: நான் வந்துட்டேனே.

அக்கா: உன்கிட்ட எப்படி வந்து சொல்றது... அவங்க அக்காவுக்குக் கூச்சமா இருக்காதா?

தம்பி: கூச்சம்தானா?

அக்கா: போலீஸ்காரன் மாதிரி கேக்காதே. அந்தப் பச்சைக்கோடு எங்க நிக்குது, பாரு.

தம்பி: பாதி தாண்டிடுச்சு. நீங்க கொஞ்சம் உக்காருங்க. எழுந்து எழுந்து நடக்கறீங்க.

அக்கா: குளிருதுடா... அவங்க அக்கா சாயங்காலம் வேலை முடிஞ்சு போவா. தெரு திரும்பினதும் ஜன்னல்ல விளக்கு எரியறது தெரியும். தங்கச்சிக்குக் கடை முன்னாடியே முடிஞ்சுடும், அவ வந்து போட்டிருப்பா. தினம் அந்த இடத்துல நின்னு, நாளைக்குச் சொல்லிடணும்னு நினைப்பா. அப்புறம், அந்த விளக்கு எரியாத ஜன்னலை நினைச்சுப் பாப்பா... சரி, நாளன்னைக்குச் சொல்லிக்கலாம்.

தம்பி: என்ன கடை?

அக்கா: எது?

தம்பி: தங்கச்சி வேலை பாக்கற கடை. முன்னாடியே முடியுதுன்னீங்களே.

அக்கா: கடைன்னா கடை. ஏதோ ஒரு கடை. நீ கம்ப்யூட்டர்காரனா, ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவனா?

தம்பி: சரி, கேக்கலக்கா.

அக்கா: ஊர்ல இருக்கிற அத்தனை பொண்ணுக்கும் ஆள் பிடிச்சுக் கொடுக்கிறவங்க... நான் பொதுவாச் சொல்றேன்... வீட்டுக்குப் போனா ஒரு தட்டு எதிர்ல இருக்கணும்னு நினைக்கிறது தப்பா?

தம்பி: நினைக்கிறதுல தப்பில்ல.

அக்கா: ஆனா ஒளிச்சு வச்சது தப்பு. அதானே சொல்ல வர்றே? சொல்லிக்கோ.

தம்பி: நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வரியை நாலாவதுல திருப்பிப் போடட்டுமா, வேண்டாமா?

அக்கா: அதை ஏன் என்னைக் கேக்கறே?

தம்பி: அந்த அக்கா சார்பா பேச நீங்கதானே இருக்கீங்க.

அக்கா: போடு.

தம்பி: சரி.

அக்கா: ...இரு. போட்டா எத்தனை நாளைக்கு இருக்கும்?

தம்பி: இந்தத் தடவை ஒழுங்காப் போடுவேன். நாலு மிஷின்லயும். யாராவது வேணும்னே தேடி எடுக்கற வரைக்கும் இருக்கும்.

அக்கா: நாலுலயுமா? தாடிக்காரன் ஒண்ணுலதானே போட்டான்.

தம்பி: அதுதான் அவர் பண்ணின தப்பு. நாலாவது நிக்காம ஓடற வரைக்கும்தான் அந்தப் பொண்ணு மறைஞ்சிருப்பா. அது ஒரு நாள் படுத்துட்டா, தேடற வேலையை மத்ததுங்க எடுத்துக்கும். அதுங்களுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

அக்கா: பிறந்த வீட்டுக்குப் போற மருமக.

தம்பி: அதேதான்.

அக்கா: அப்ப நீ போட்டா... அவ கிழவியாகற வரைக்கும் இருக்கும்.

தம்பி: இருக்கும்.

அக்கா: சமையல் ரூம்ல அவ முதுகுதான் ஞாபகம் வருது தம்பி. அந்த ஃபோன் வந்த அன்னைக்கு. இப்பல்லாம் அங்க நின்னு பாடறா. பழைய பாட்டு, பாதி வரி தப்பு... போடாதே.

தம்பி: நிஜமாவா?

அக்கா: போடாதேன்னு சொல்றேன்ல.

தம்பி: அவங்க அக்கா தனியா இருந்துக்குவாங்களா?

அக்கா: இருந்துக்குவா. நாலு நாள் அழுவா, அப்புறம் விளக்கைத் தானே போட்டுக்குவா. கை இருக்குல்ல. எழுந்திரு, நான் மனசு மாறறதுக்குள்ள நாலாவதைத் துடைச்சுடு. ரெண்டாவதை அப்புறம் பாத்துக்கலாம்.

தம்பி: இப்ப முடியாதுக்கா.

அக்கா: ஏன், பச்சைக்கோடு முடியணுமா?

தம்பி: அது இல்ல. நாலாவது காலையிலயே முடிஞ்சாச்சு.

அக்கா: ...என்ன?

தம்பி: அதுல இருந்துதான் ஆரம்பிச்சேன். அப்புறம்தான் ஒண்ணு. இப்ப ரெண்டு.

அக்கா: உலகத்துல எல்லாரும் ஒண்ணுல இருந்துதானே எண்ணுவாங்க?

தம்பி: பயமா இருக்கிறதை முதல்ல முடிச்சுடணும்கா. தாடிக்காரர் கை வச்சது அது ஒண்ணுலதான்.

அக்கா: பாவி. அப்ப இவ்வளவு நேரமா என்னைப் பேச விட்டுட்டு...

தம்பி: யாரோ ஒரு கஸ்டமர் கதைன்னு சொன்னீங்க. நடுவுல எப்படி நிறுத்தறது?

அக்கா: அப்ப காலையில இருந்து அவ...

தம்பி: தெரியறாங்க. நாலாவதை வெளிய எடுத்ததும் தேடற வேலையை ஒண்ணாவது எடுத்துக்கிச்சு. சரியா ஓடுதான்னு ஒரு பையன் விவரத்தை வச்சுத் தேடிப் பாத்தேன். முதல்ல வந்து நின்னது உங்க தங்கச்சிக்கா.

அக்கா: நான் என் தங்கச்சின்னு சொல்லவே இல்லையே.

தம்பி: சொல்லல. நானும் கேக்கல.

அக்கா: ...எந்த ஃபோட்டோ வந்துச்சு? நீலச் சேலையில இருக்கிறதா?

தம்பி: ஆமா. அழகா இருந்துச்சு.

அக்கா: நான்தான் எடுத்தேன். சிரிடின்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுடுச்சு... யாராவது பாத்திருப்பாங்களா அதுக்குள்ள?

தம்பி: ஒருத்தர் பாத்து, விருப்பம்னு அனுப்பிட்டார்.

அக்கா: ஐயோ. அவளுக்குப் போயிருக்குமே. இத்தனை நாள் ஒண்ணுமே இல்லாம இன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேப்பாளே. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு...

தம்பி: கேக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியும்.

அக்கா: என்ன தெரியும்?

தம்பி: எல்லாம். தாடிக்காரர் போறப்ப அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்கார். கடைசி நாள் கண்ணாடி வாங்கப் போயிருக்கார் போல. பதில்ல எழுதியிருக்காங்க.

அக்கா: எழுதியிருக்காளா? என்னன்னு? அப்படியே சொல்லு, ஒரு எழுத்து விடாதே.

தம்பி: 'அக்கா என்னை ஒளிச்சு வச்சது எனக்குத் தெரியும், கடைசி நாள் கண்ணாடி வாங்க வந்த தாடிக்காரர் சொல்லிட்டார். அவளே ஒரு நாள் எடுப்பான்னு பாத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்கு நான் வெளிய வந்தது அக்கா எடுத்ததாலயா, இல்ல தானா நடந்துச்சா? அது தெரிஞ்சாத்தான் மேல பேசலாம்.'

அக்கா: ...

தம்பி: அழாதீங்கக்கா. சோத்துல விழுது.

அக்கா: உப்பு போடல இன்னைக்கு. பரவாயில்ல... எல்லாம் தெரிஞ்சுமா எனக்குத் தினம் விளக்கு போட்டு வச்சா?

தம்பி: ம்.

அக்கா: அப்ப இவ்வளவு நேரம் போடட்டுமா, வேண்டாமான்னு நீ என்னை நச்சரிச்சது...

தம்பி: என்ன பதில் எழுதறதுன்னு தெரியணும்ல. இப்ப தெரிஞ்சுடுச்சு. அக்காதான் எடுக்கச் சொன்னாங்கன்னு எழுதலாம்.

அக்கா: எழுதச் சொல்லு... இரு, இரு. அந்தப் பையனை எழுதச் சொல்லு. யாரு அவன்? என்ன பண்றான்?

தம்பி: வேலையில இருக்கான்.

அக்கா: வேலையில இல்லாதவனை நான் பதியவே மாட்டேன். என்ன வேலை?

தம்பி: ஏசி ரூம்ல.

அக்கா: அப்பா அம்மா?

தம்பி: இல்ல. தனி ஆள்.

அக்கா: குடி, சிகரெட்டு?

தம்பி: கிடையாது. கொஞ்சம் காலை ஆட்டுவான்.

அக்கா: காலை ஆட்டினா என்ன, ஆட்டிட்டுப் போகட்டும். எங்க இருக்கான்? கட்டிக்கிட்டு வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவானா? அதைச் சொல்லு முதல்ல.

தம்பி: போக மாட்டான்.

அக்கா: எப்படி அவ்வளவு தீர்மானமாச் சொல்றே? சுபாவம் எப்படி?

தம்பி: நீங்க எழுதின விவரப்படி பாத்தா... சாந்தமானவர்.

அக்கா: நான் எழுதினதா? நான் எல்லாருக்கும்தான் சாந்தமானவர்னு எழுதறேன். பாம்பு வளக்கறவன் வந்தாலும் அதான் எழுதுவேன்... வேற என்ன எழுதியிருக்கேன்?

தம்பி: இசைப் பிரியர்.

அக்கா: இரு. பேசாதே. கறுப்பு மூக்குல அழுத்துச்சு. பிரவுன் காதுல அழுத்துச்சு. துடைக்கிற துணி சும்மா வந்துச்சு. பேங்க்ல இருந்து மெசேஜ், காது சிவந்துச்சு... டீச்சரையும் பேக்கரியையும் தட்டிக் கழிச்சது இதுக்குத்தானா? தெருவுல யார் வீட்டுல என்ன குழம்புன்னு எனக்குத் தெரியும். இது தெரியலையே.

தம்பி: அவங்க பேரே நம்ம லிஸ்ட்ல வரலைன்னதும், கல்யாணமே வேண்டாம்னு இருக்காங்கன்னு நினைச்சுட்டேன்கா. கேக்க வாய் வரல. கண்ணாடிதான் மாத்த முடிஞ்சுது.

அக்கா: எழுந்து நில்லு, முழுசாப் பாக்கறேன்... ம். ஆறடி இல்ல. உண்மையைத்தான் எழுதியிருக்கேன். சரி, எல்லாம் இருக்கட்டும். இன்னைக்கு நான் உள்ள வந்த கொஞ்ச நேரத்துலயே மாடி வீட்டை எதுக்குடா விசாரிச்சே? ஒத்தை ஆளுக்குத் தர மாட்டேன்னு அப்பவே சொன்னேனே.

தம்பி: குடும்பத்துக்குத் தருவேன்னும் சொன்னீங்களேக்கா.